பதினொரு இடங்கள்

பிப்ரவரி 9, திங்கள்

குழாய்க்காரர் வருவதாகச் சொன்னது காலை பத்து மணிக்கு. வந்தது இரண்டரைக்கு. தாமதத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "டீ கிடைக்குமாம்மா?" என்றார். கொடுத்தேன். வாஷர் மாற்றிய பிறகும் குழாய் சொட்டுகிறது.

மாலையில் கீழ்த்தளத்துத் தையல்காரி மேலே வந்தாள். இரண்டு வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்குள் அவள் வந்தது இதுதான் முதல் தடவை. அவள் மகளுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அந்தப் பெண்ணுக்குப் பார்வை மிகக் குறைவு. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். பள்ளியில் ஏற்பாடு செய்திருந்தவர் கையை விரித்துவிட்டாராம்.

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு போஸ்ட்மேன் சொன்னாருக்கா. நீங்க மனசு வெச்சா உண்டு."

எழுபத்து மூன்று வயதில் 'அக்கா'. போகட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அவள் படியிறங்கி முடிப்பதற்குள் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மேசை நிறையக் காகிதம், ஒன்றுக்கும் ஒழுங்கில்லை.

"என்ன வேலையில இருந்தீங்க?"

"மருத்துவமனையில். தலைமை அறுவை மருத்துவருக்குச் சுருக்கெழுத்தாளர். முப்பத்தொரு வருடம்."

"உயிரியல் படிச்சதுண்டா? எழுதறவங்க அந்தப் பாடம் படிச்சவங்களா இருக்கக் கூடாது, அதான் கேக்கறேன்."

இல்லை என்றேன். உண்மைதான். கான்வென்டில் எங்களுக்குக் கணக்கு, தையல், வேதாகமம். தவளையை அறுப்பது பெண்பிள்ளைகளுக்கு அழகில்லை என்று சிஸ்டர்கள் அந்தப் பாடத்தையே வைக்கவில்லை.

உறுதிமொழியில் கையெழுத்திட்டேன்: தேர்வர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன், கூட்டவோ குறைக்கவோ திருத்தவோ மாட்டேன். பிரித்து எழுத வேண்டியதைச் சேர்த்து அச்சடித்திருந்தார்கள். சுட்டிக்காட்டினேன். அந்த அம்மாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பாக இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பெண் மூன்று நாளாகப் பயிற்சிக்கு வருகிறாள். இவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாயாடி. என்னைப் 'பெரியம்மா' என்கிறாள். கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்கிறாள்.

"உங்க கையெழுத்து அவ்ளோ அழகாமே. எனக்கென்ன, நான் பாக்கவா போறேன்?"

சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். என்ன செய்வது என்று தெரியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

பிசியோதெரபி படிக்க வேண்டுமாம். "கண்ணு வேணாம் பெரியம்மா, கை போதும். உங்க முட்டியை நானே சரி பண்றேன், காசு வேணாம், திட்டாம இருந்தா போதும்." அரசுக் கல்லூரியில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரே ஓர் இடம். அதற்கு உயிரியல் மதிப்பெண்தான் முக்கியம்.

சொல்லும்போது வேகம் சீராக இல்லை. திடீரென்று ஓடுகிறாள், திடீரென்று நின்று கூரையைப் பார்க்கிறாள். பெரிய டாக்டரும் இப்படித்தான். அறுவை அறையிலிருந்து வந்து கையைக்கூடத் துடைக்காமல் சொல்ல ஆரம்பிப்பார். களைப்பில் இடதுக்கு வலது என்பார். நான் கோப்பைப் பார்த்துச் சரியாகத் தட்டச்சு செய்து வைப்பேன். ஒரு தடவை சிறுநீரகத்தையே மாற்றிச் சொன்னார். அடுத்த அறுவைக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம். அவருக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கும் தெரியாது. என் மேசையைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை.

மார்ச் 2, திங்கள்

மொழிப்பாடம். நன்றாகச் சொன்னாள். சொன்னபடி எழுதினேன்.

மார்ச் 6, வெள்ளி

வேதியியல். அவள் சொன்னதில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினேன். இடையில் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள்; ஒரு தடவை அடிக்கச் சொன்னாள். நல்ல பெண், தன் தவறைத் தானே பிடித்துவிடுகிறாள், காதில் விழுந்தால் போதும்.

மார்ச் 11, புதன்

உயிரியல். மூன்று மணி நேரம். இருபத்தெட்டுப் பக்கம் எழுதினேன், ஓரிடத்திலும் அடித்தல் இல்லை. மேற்பார்வையாளர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, வாயைத் திறந்துகொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து வெந்நீரில் கையை வைத்து எடுத்த பிறகே இதை எழுதப் பேனாவைப் பிடிக்க முடிந்தது.

திரும்பும்போது பேருந்தில் மூன்றாவது நிறுத்தம்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அப்புறம் சட்டென்று நின்றுவிட்டாள்.

"பெரியம்மா. இதயத்துல வலதும் இடதும் மாத்திச் சொல்லிட்டேன்ல?"

நான் பைக்குள் பயணச்சீட்டைத் தேடினேன்.

"நுரையீரல்லேர்ந்து வர்ற ரத்தம் இடது மேலறைக்குத்தானே வரும்? நான் வலதுன்னேன். கேள்வி பூரா அப்படியே சொல்லிட்டேன். எட்டு மார்க்கும் போச்சு."

முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். போனது போகட்டும் என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கடை, இன்னொரு கடை, சாலை தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 12, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். இந்த நோட்டில்கூட மறைத்தால் அப்புறம் எங்கே சொல்வது?

எட்டு மார்க் போகவில்லை. தாளில் 'இடது' என்றுதான் இருக்கிறது.

முதல் இடத்தில் நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. கிருமிகளை எதிர்ப்பது சிவப்பணு என்று அவள் சொன்னாள். என் கை 'வெள்ளையணு' என்று எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். அப்போது அதை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதியிருக்கலாம். சரியானதை அடித்துவிட்டுத் தவறானதை எழுதுவதா? முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை.

பிறகு அவள் படித்துக் காட்டச் சொன்னாள். தாளில் இருந்ததை நான் படிக்கவில்லை. அவள் சொன்னது அப்படியே என் காதில் இருந்தது — இந்தத் தொழிலில் அது இல்லாமல் பிழைக்க முடியாது — அதைப் படித்தேன். 'சிவப்பணு'. உடனே, "அய்யய்யோ, வெள்ளையணு! அடிச்சிட்டு எழுதுங்க பெரியம்மா" என்றாள்.

பேனாவின் மூடியால் தாள்மேல் கீறினேன். அவளுக்குச் சத்தம் கேட்க வேண்டுமே.

அதற்கப்புறம் கை செய்தது என்று சொல்ல முடியாது. நான்தான் செய்தேன். பெரிய டாக்டர் ஆயிரம் தடவை சொல்லி நான் எழுதிய சொற்கள் அவை. இன்னும் இரண்டு தடவை இதே மூடி நாடகம். இதயம் வந்தபோது நேரம் குறைந்துவிட்டது. "படிச்சுக் காட்ட வேணாம், அடுத்ததுக்குப் போவோம்" என்றாள். படித்திருந்தால் அவளே பிடித்திருப்பாள்.

தெரிந்த பெண்தானே, அவளுக்குத் தெரிந்ததைத்தானே எழுதினேன், தெரியாத எதையும் நான் சேர்க்கவில்லையே — என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேர்க்கவில்லையா? ஏழாவது இடம்? அங்கே அவள், "இது வரலை, விட்டுடுங்க" என்றாள். நான் விடவில்லை.

மொத்தம் பதினொரு இடங்கள்.

மார்ச் 19, வியாழன்

பள்ளிக்குப் போய்ச் சொல்லலாமா என்று புறப்பட்டேன். தெருமுனைவரை போய், ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மே 8, வெள்ளி

தேர்வு முடிவு. உயிரியலில் தொண்ணூற்று மூன்று. தையல்காரி இனிப்பைக் கொண்டுவந்து என் வாயிலேயே போட்டாள். என்னை யாரும் அப்படித் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. 'அவர்' போனதிலிருந்து.

வாயாடி துள்ளிக்கொண்டிருந்தாள். "எப்படின்னே தெரியல பெரியம்மா! இதயத்தைக் கவுத்துப் போட்டும் தொண்ணூத்து மூணு. திருத்தினவர் எங்கம்மாவைவிட நல்லவர் போல."

"எல்லாம் உன் உழைப்பு" என்றேன்.

பதினொன்றோடு நிற்கவில்லை. இது பன்னிரண்டாவது.

ஜூன் 4, வியாழன்

இடம் கிடைத்துவிட்டது. அந்த ஒரே ஓர் இடம். பட்டியலில் அடுத்து இருப்பவன் வேறு ஊர்ப் பையன். முற்றிலும் பார்வை இல்லாதவன். இவளுக்கும் அவனுக்கும் நாலே மார்க் வித்தியாசம். இருவரும் போனில் பழக்கம், சேர்ந்து படித்தவர்களாம். அவன் குரலில் அனுப்பியிருந்த வாழ்த்தை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"கலக்கிட்ட போ! அடுத்த வருஷம் நான் வர்றேன். நல்ல மெஸ்ஸா பாத்து வை."

இன்னொரு தடவை போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜூன் 15, திங்கள்

மத்தியானம் வந்தாள். கையில் காகிதக் கட்டு.

"பெரியம்மா, உட்காரலாமா?"

அவள் கேட்டு உட்கார்ந்ததே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பள்ளியில் இவளைப் போல இன்னும் இரண்டு பேர் கீழ் வகுப்பில் இருக்கிறார்களாம். தன் விடைகளைக் குரலில் பதிந்து அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆசை. தோழி ஒருத்தி படித்துக் காட்டியிருக்கிறாள்.

"இதுல ஒரு அடித்தல்கூட இல்லையாம். நான் மூணு தடவை அடிக்கச் சொன்னேன். பேனா சத்தம் கேட்டுச்சே?"

"மூடி" என்றேன்.

"என்னது?"

"பேனாவின் மூடி."

காகிதக் கட்டை மடியில் வைத்தாள். அப்புறம் சிரித்தாள். அவளுடைய வழக்கமான சிரிப்பு இல்லை அது.

"எத்தனை எடம்?"

"பதினொன்று."

"ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இருக்கிறது."

"சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் என்ன சொன்னாள், நான் என்ன எழுதினேன். அவள் விரல் மடக்கி மார்க்கைக் கழித்துக்கொண்டே வந்தாள். ஏழாவது இடத்தில் விரல் நின்றது. "அது எனக்குத் தெரியவே தெரியாதே பெரியம்மா." பிறகு அந்த விரலையும் மடக்கினாள். மொத்தம் இருபத்திரண்டு. அடிக்கச் சொன்ன மூன்றையும் கழிக்கவில்லை. "அது நானா திருத்தினது, என்னோடது" என்றாள்.

"இருபத்திரெண்டு போனா எழுபத்தி ஒண்ணு. அவன் எனக்கு நாலு மார்க்தான் கீழ."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "தவறாக எழுத எனக்குக் கை வரவில்லை" என்பதுதான்.

"அது என் தப்பு பெரியம்மா. எனக்குச் சேர வேண்டிய தப்பு. அதை எடுக்க நீங்க யாரு?"

யாருமில்லை. அதுதான் பதில்.

எழுந்தவள் கதவருகில் நின்றாள். "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க, எழுதாதீங்க. நான் பாத்துக்கறேன். என் வாயால நான்தான் சொல்லணும்."

"எப்போது?"

"சொல்றேன்ல."

ஜூன் 18, வியாழன்

தையல்காரி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது, கண் சிவந்திருக்கிறது.

"அக்கா, இத்தோட விட்டுடுங்க. நாலு செவுத்துக்குள்ள இருக்கட்டும். அவ என்னமோ பெரிய நீதிபதி மாதிரி குதிக்கறா. எவ்ளோ கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சேன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன்.

ஜூன் 22, திங்கள்

மகன் போனில்: "விட்டுத் தள்ளும்மா. இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வம்பு?" அவன் எப்போதும் இப்படித்தான். பள்ளியில் ஒரு தடவை காப்பியடித்து மாட்டினான். அவனை நானே தலைமையாசிரியரிடம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். இன்று அதை அவன் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 24, புதன்

கீழே தையல்காரியின் கடையில் வெள்ளைக் கோட் ஒன்று தொங்குகிறது. கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட். பையில் அவள் பெயரின் முதலெழுத்தை நீல நூலில் வேலை செய்திருக்கிறார்கள். ரவிக்கை தைக்க வந்தவர்களெல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள். "ஆகஸ்ட்ல காலேஜ் தொறக்குது" என்று தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயாடி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பொத்தான்களைத் தடவித் தடவிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பது நாள் ஆகிவிட்டது. சொல்ல மாட்டாள். தாய் வாயை அடைத்துவிட்டாள், அல்லது அவளுக்கே மனம் மாறிவிட்டது. பதினேழு வயது, யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பையன் அங்கே அடுத்த வருடத்துக்குப் படிக்க ஆரம்பித்திருப்பான். என் கையெழுத்து அந்த உறுதிமொழியின் கீழே இருக்கிறது.

ஜூன் 25, வியாழன்

தேர்வு வாரியத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தடவை எழுதி, நான்காவதைத்தான் அனுப்பினேன். இரண்டு பக்கம். நடந்தது முழுவதும், பதினொரு இடங்களும் கேள்வி எண்ணோடு. குற்றம் முழுவதும் என்னுடையது, தேர்வருக்கு எதுவும் தெரியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். பதிவுத் தபால். தபால் அலுவலகத்தில் ரசீது கொடுத்தவள் உறையைத் திருப்பிப் பார்த்து, "எவ்ளோ அழகான எழுத்து" என்றாள்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். மார்ச் மாதத்துக்குப் பிறகு இன்றுதான் மத்தியானத்தில் அயர்ந்து தூங்கினேன்.

ஜூன் 29, திங்கள்

என்ன காரியம் பண்ணிட்டேன்.

இன்னைக்குக் காலைல அவங்க மூணு பேரும் வாரியத்துக்குப் போயிருக்காங்க. அவ, அவ பிடிவாதத்துக்குக் கடைசில ஒத்துக்கிட்ட அம்மா, தலைமையாசிரியை. அந்த அம்மா விடுமுறைல இருந்திருக்கா, நேத்துதான் திரும்பி வந்திருக்கா, அதுக்காகத்தான் காத்திருந்தாங்களாம். படிவம், கையெழுத்து எல்லாம் தயார். தேர்வர் தானே முன்வந்து சொன்னா அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம்னு விதி இருக்கு. ஜூலைலயே எழுதலாம். அதுல எழுபத்தி ஒண்ணு என்ன, எண்பத்தி ஒண்ணு வாங்கியிருப்பா. இந்த வருஷம் அந்த இடம் போனாலும் வேற எங்கயாவது —

என் கடிதம் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது. முத்திரை குத்தி, எண் போட்டு, கோப்பில் வைத்துவிட்டார்கள். "இந்த கேஸ் ஏற்கெனவே வந்திருக்கே" என்று குமாஸ்தா அதை எடுத்து நீட்டினாராம். வெளியாள் புகார் வந்த பிறகு தேர்வர் சொல்வது 'முன்வந்து சொல்வது' ஆகாது. மாட்டிக்கொண்ட பிறகு சொல்வது.

சாயங்காலம் மேலே வந்தாள். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொறுங்கன்னு சொன்னேன்ல?"

"ஒன்பது நாள் ஆயிற்று. நீ சொல்ல மாட்டாய் என்று —"

"ஏன், இறங்கி வந்து என்னைக் கேக்கக் கூடாதா? பதினெட்டுப் படிதானே பெரியம்மா?"

"கோட் தைத்துக்கொண்டிருந்தார்கள். நீயும் பேசாமல் —"

"அம்மா தைக்கறதை நிறுத்தினா கடைக்கு வர்றவங்க ஏன்னு கேப்பாங்க. அதனால தைச்சாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நீங்களே எழுதிட்டீங்க."

போய்விட்டாள். தடுமாறாமல் இறங்கினாள், கைப்பிடியைக்கூடத் தொடாமல்.

ஜூன் 30, செவ்வாய்

கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். ஒரு பிழை இல்லை. பையனுக்காக எழுதினேன், நியாயத்துக்காக எழுதினேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கத்தில் 'நான்' என்ற சொல் பத்தொன்பது தடவை வருகிறது.

ஜூலை 7, செவ்வாய்

விசாரணை. நீளமான மேசை, மூன்று பேர், நடுவில் ஒருவர் மட்டும் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். மின்விசிறி காகிதங்களைப் பறக்கவிட்டுக்கொண்டே இருந்தது. ஒருவர் முழங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"தேர்வருக்குத் தெரியாதுன்னு சொல்றீங்க. அதுக்கு என்ன ஆதாரம்?"

"என் வார்த்தை."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். பிப்ரவரியில் நான் கையெழுத்திட்ட உறுதிமொழி. 'திருத்தவோ மாட்டேன்.'

"உங்க வார்த்தையை ஒரு தடவை நம்பிட்டோம்மா."

முப்பத்தொரு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அந்தப் பெண் அப்போது வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்து அவளைக் கடந்து போனேன். அவள் தாய் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

ஜூலை 20, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. எனக்கும் ஒரு பிரதி. அவளுக்கு எல்லாப் பாடங்களும் ரத்து. இரண்டு வருடத்துக்குப் பரீட்சை எழுத முடியாது. கல்லூரி இடம் செல்லாது; பட்டியலில் அடுத்தவருக்குப் போகிறது. எனக்கு: இனி எந்தத் தேர்வுக்கும் எழுத்தராக இருக்கக் கூடாது.

எனக்கு அவ்வளவுதான். அவ்வளவே அவ்வளவுதான்.

மேல்முறையீடு செய்யலாம் என்று தலைமையாசிரியையிடம் சொல்லப் போனேன். நானே எழுதித் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். "வேணாம்மா. நீங்க இனிமே எதுவும் எழுத வேணாம்" என்றாள். தண்ணீர் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

கல்லூரி இன்று திறக்கிறது. அந்தப் பையன் போயிருப்பான். அவன் இவளுக்குப் போன் செய்தானா, இவள் எடுத்தாளா, எனக்குத் தெரியாது. கேட்க வாயில்லை.

கடையில் கோட் இல்லை. தையல்காரி ஒரு வெள்ளைத் துணியை மடியில் போட்டுப் பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றேன். நிமிராமலே பேசினாள்.

"நீங்க கெட்டவங்க இல்லக்கா. கெட்டவங்களா இருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பீங்க. என் பொண்ணு பொழச்சிருப்பா."

நூல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். நான் படியேறினேன். பதினெட்டுப் படி. நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 21, வெள்ளி

முழங்கால் வலி. டாக்டர் பயிற்சிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். செய்யவில்லை.

செப்டம்பர் 10, வியாழன்

ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, திங்கள்

மாத்திரை வாங்கக் கீழே இறங்கினேன். இரண்டாவது திருப்பத்திலேயே குரல் கேட்டது. கடை மூடியிருக்கிறது; ஆனால் உள்ளே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்துத் தெருப் பெண் என்று அப்புறம் தெரிந்தது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் பயிற்சி. மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் சொல்கிறாள். முன்பு அப்படிச் சொல்ல மாட்டாள்.

என் தடி கடைசிப் படியைத் தொட்டதும் குரல் நின்றது.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்றது அந்தச் சின்னக் குரல்.

"யாரோ வர்றாங்க. போகட்டும்."

என் நடை அவளுக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் கூட்டத்துக்குள்ளும் கண்டுபிடிப்பாள். வெளிக்கதவைத் திறந்து, சாத்தி, தெருவில் நாலு எட்டு வைத்தேன். அதற்குப் பிறகுதான் மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.